குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு முன்: எந்தச் சோதனை, எந்த நாளில், எந்த வரிசையில்

காலை ஏழு மணிக்கு என் கணவர் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டிய வேகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சட்டைப்பைக்குள் ஒரு சிறிய பிளாஸ்டிக் போத்தல். அதன் மேல் அவருடைய பெயரும் நேரமும் நீல மையில். ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுத்தாக வேண்டும், குளிரவும் கூடாது, சூடாகவும் கூடாது. கோப்பாயிலிருந்து யாழ்ப்பாண நகரம் தூரமில்லை. ஆனால் இருபாலைச் சந்தியில் ஒரு மாடு வீதியின் நடுவில் படுத்திருந்தது. அந்த மாட்டின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நாங்கள் வைத்தியரிடம் முதன்முதல் போய்ப் பதினான்கு மாதங்கள் கழித்துத்தான் அந்தப் பயணம் நடந்தது. அதற்குள் எனக்கு இரத்தப் பரிசோதனைகள், மூன்று ஸ்கான், கருப்பைக் குழாய்க்குச் சாயம் செலுத்திய எக்ஸ்ரே, கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறு துளையிட்டுக் கமராவால் பார்க்கும் லப்பரஸ்கோப்பி எல்லாம் முடிந்திருந்தன. அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. போத்தலின் அறிக்கை வந்தபோது விந்தணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்று இருந்தது. புதிதாகப் பார்த்த வைத்தியர் "உங்களுக்கு இக்சி முறைதான் சரி" என்றார். அந்த முறையில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் சூல்முட்டைக்குள் செலுத்தி, உருவான கருவைக் கருப்பைக்குள் வைக்கிறார்கள். அதற்குக் கருப்பைக் குழாய்கள் திறந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே நான் வயிற்றில் மூன்று துளைகள் வாங்கியிருந்தேன்.

எங்களை முதலில் பார்த்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். கேள்வி கேட்காமல் தலையாட்டியதில் எங்களுக்கும் பங்குண்டு. ஆனால் இனிப் போகிறவர்களுக்கு வரிசையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். மலிவானதும் வலியில்லாததும் முதலில், அதுவும் இருவருக்கும் ஒரே வாரத்தில். உடலுக்குள் கருவி போகும் சோதனை அதற்குப் பிறகு. கத்தி கடைசியில். நான் வைத்தியர் இல்லை. கிளினிக் வாங்கில்களில் சில வருடங்கள் இருந்தவள், இருந்த நேரத்தில் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டவள். உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மகப்பேற்று நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

எப்போது, எங்கே தொடங்குவது

பாதுகாப்பு எதுவும் பயன்படுத்தாமல் 12 மாதங்கள் முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போகலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருகிறவர்கள், மாதவிடாயின்போது எழும்ப முடியாத வலி உள்ளவர்கள், முன்பு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தவர்கள், வளர்ந்த பிறகு கூகைக்கட்டு வந்து விதை வீங்கிய ஆண்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள் காத்திருக்கவே வேண்டாம். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொன்னது. ஆனால் கிளினிக் வாசலில் தெரிந்த முகத்தைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் கைத்தொலைபேசிக்குள் தலையைப் புதைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமிருந்தே தொடங்கலாம். அவர் பக்கத்து வீட்டுக்கும் போகிறவர் என்று தயங்க வேண்டாம். எங்கள் பகுதி உத்தியோகத்தர் பிறர் வீட்டுக் கதையை வாய்தவறியும் சொன்னதில்லை. அங்கிருந்தோ உங்கள் குடும்ப வைத்தியரிடமிருந்தோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போகலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை, காத்திருப்பு உண்டு. சில ஹோர்மோன் பரிசோதனைகளை வெளியே பணம் கட்டிச் செய்ய நேரிடும். தனியாரிடம் போனால் நாள் மிஞ்சும், பணம் கரையும். பலர் செய்வதுபோல இரண்டையும் கலந்து செய்வதில் தவறில்லை. ஆனால் எல்லாத் தாள்களும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். ஸ்கான் படத்தின் மை காலப்போக்கில் மங்கிவிடும், ஒளிப்படம் எடுத்து வையுங்கள்.

கோப்பின் முதல் தாளில் மாதவிடாய்த் திகதிகளை எழுதுங்கள். இனி வரும் எல்லாச் சோதனையும் அந்தக் கணக்கில்தான் நடக்கும். சிறு கறை தென்படும் நாளைச் சேர்க்க வேண்டாம். சரியான உதிரப்போக்கு தொடங்கும் நாளே முதலாம் நாள். நான் குசினிச் சுவரில் தொங்கிய நல்லூர் முருகன் கலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். மாமி அதைப் பால்காரரின் கணக்கு என்று நினைத்திருந்தார்.

போலிக் அமிலக் குளிசையையும் இப்போதே தொடங்கலாம். வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். நீரிழிவு, வலிப்பு மருந்து போன்றவை இருந்தால் 5 மில்லிகிராம் வரை வைத்தியர் கூட்டுவார். ருபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று கேளுங்கள். தடுப்பூசி போட நேர்ந்தால் அதன்பின் குறைந்தது ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. இதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்துச் சிகிச்சையையே தள்ளிவைத்த ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும்.

போத்தல் முதலில்

விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. வெட்கம் ஒன்றுதான் இதன் பக்கவிளைவு. 2 முதல் 7 நாட்கள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். மூன்று, நான்கு நாட்கள் என்பது நல்ல இடைவெளி. பத்து நாள் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிழட்டு அணுக்கள்தான் கூடும். ஆய்வுகூடத்திலேயே தனி அறை இருந்தால் அதுதான் சிறந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோவதாக இருந்தால் அவர்கள் தரும் போத்தலையே பயன்படுத்துங்கள். சாதாரண ஆணுறை, எண்ணெய், சவர்க்காரம் எதுவும் வேண்டாம், அவை அணுக்களைக் கொன்றுவிடும். உடற்சூடு படும்படி சட்டைக்கு உள்ளே வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் சேர்த்துவிடுங்கள். முதல் துளிகள் சிந்திவிட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அணுக்கள் அதிகம் இருப்பது அந்த முதற்பகுதியில்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றரில் 1.6 கோடி அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துப் பலர் இடிந்துபோகிறார்கள். நூற்றில் நான்கு சரியாக இருந்தாலே இயல்பு என்றுதான் அதற்கு அர்த்தம். எண்கள் எல்லைக்குக் கீழே வந்தால் ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் எடுக்கிறது. போன மாதம் வந்த கடும் காய்ச்சலின் தடம் இந்த மாத அறிக்கையில் இருக்கும். அதனால் மூன்று மாதம் விட்டு மறுபடியும் செய்வார்கள். அணுவே இல்லை, அல்லது மிகமிகக் குறைவு என்றால் அவ்வளவு காத்திருக்க மாட்டார்கள்.

உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி, குளிசை எதையும் கணவர் எடுத்திருந்தால் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஆண்மை ஹோர்மோன்தானே, நல்லதுதானே என்று தோன்றும். வெளியிலிருந்து வரும் ஹோர்மோனைக் கண்டதும் உடல் தன் உற்பத்தியை நிறுத்திவிடும், விந்தணு பூச்சியத்துக்கே போகலாம்.

இரத்தமும் ஸ்கானும்

எப்., எல்., ஈ. என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகள் துண்டில் இருக்கும். சூலகத்தின் வேலையைக் காட்டும் ஹோர்மோன்களான எப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ரடயோல் ஆகியவற்றுக்கு மாதவிடாயின் 2 முதல் 5 ஆம் நாளுக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும். நாள் தவறினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. சூலகத்தில் மீதமுள்ள முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். எந்த நாளிலும் செய்யலாம். தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச்., தேவைப்பட்டால் பால் சுரக்க வைக்கும் ஹோர்மோனான புரொலக்டின். முட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரொஜெஸ்டரோன் பரிசோதனையை "21 ஆம் நாள்" என்று எழுதித் தருவார்கள். அது 28 நாள் சுற்று உள்ளவருக்கான கணக்கு. உங்கள் சுற்று 35 நாள் என்றால் 28 ஆம் நாளில் செய்ய வேண்டும். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு என்று நினைவில் வையுங்கள். ஏ.எம்.எச். குறைந்திருந்தால் பிள்ளையே கிடைக்காது என்று அர்த்தமில்லை. மருந்து கொடுத்தால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை ஊகிக்கவே அது உதவும்.

ஸ்கான் என்றதும் தண்ணீர் குடித்து வயிறு முட்டப் போகாதீர்கள். இதற்குச் செய்வது யோனிவழி ஸ்கான், சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். ஆணுறை மாட்டிய மெல்லிய கருவி உள்ளே வரும். அசௌகரியம் இருக்கும், வலி பெரிதாக இராது. பெண் உதவியாளர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சூலகங்களில் சிறு முட்டைப்பைகள் எத்தனை, நீர்க்கட்டி, நார்க்கட்டி, கருப்பையின் உட்படலத்தில் சதை வளர்ச்சி, குழாயில் நீர் தேக்கம் எல்லாவற்றையும் இதில் ஓரளவு கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதுவரை வந்தவற்றை மேசையில் பரப்பி வைத்து, இருவருமாக வைத்தியரிடம் ஒருமுறை உட்காருங்கள். அடுத்த ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இதில் என்ன வந்தாலும் எங்கள் சிகிச்சை மாறுமா?" மாறாது என்றால் அந்தச் சோதனை எதற்கு? இதை மரியாதையாகக் கேட்டால் நல்ல வைத்தியர் யாரும் முகம் சுளிப்பதில்லை. என்னைக் கொழும்பில் பார்த்தவர் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு விளக்கினார்.

குழாய்க்குச் சாயம்

குழாய்களைப் பார்க்கும் வழக்கமான சோதனை எச்.எஸ்.ஜி. கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தை விட்டு, அது எதுவரை போகிறது என்று பார்க்கிறார்கள். உதிரம் நின்ற பிறகு, முட்டை வெளிவருமுன், பெரும்பாலும் 6 முதல் 10 ஆம் நாளுக்குள். அந்த மாதம் அதுவரை உறவு வேண்டாம் என்பார்கள், தெரியாமல் உருவான கருவின் மேல் கதிர் படக் கூடாது. அயடின் ஒவ்வாமை, முன்பு வந்த இடுப்பறைத் தொற்று இரண்டையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் முன்பே வைத்தியர் சொன்ன வலிக்குளிசையைப் போட்டுக்கொள்ளுங்கள். வலி வந்தபின் போட்டால் அது வேலை செய்வதற்குள் சோதனை முடிந்துவிடும்.

எக்ஸ்ரே மேசை குளிர்ந்த இரும்புபோல் இருந்தது. "மூச்சை மெல்ல விடுங்கோ தங்கச்சி" என்று தாதி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மாதவிடாய் வலியை அரை நிமிடத்துக்குள் திணித்ததுபோல ஓர் இழுப்பு. திரையில் வெள்ளையாய் ஒரு சிறு முக்கோணம் எழுந்தது. அதன் வலது மூலையிலிருந்து நூல் ஒன்று நெளிந்து போய் நுனியில் புகைபோலக் கலைந்தது. கலைந்தால் குழாய் திறந்திருக்கிறது. இடப்பக்கம் நூல் வரவேயில்லை. "ஒரு பக்கம் அடைப்பு" என்று எழுதித் தந்தார்கள். நான் ஓட்டோவில் வீடு வரும்வரை அழுதேன்.

அந்த அழுகை வீண். சாயம் நுழையும்போது தசை இறுகி, குழாயின் வாயை மூடிவிடுவது உண்டு. படத்தில் அது அடைப்பு மாதிரியே தெரியும். எனக்கு நடந்தது அதுதான் என்று பிறகு தெரிந்தது. ஆகவே ஒரு பக்கம் மட்டும், அதுவும் தொடக்கத்திலேயே சாயம் நின்றிருந்தால் அந்த அறிக்கையைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். சோதனைக்குப் பின் ஓரிரு நாள் சிறு கறையும் பிசுபிசுப்பும் இருக்கும், பஞ்சு வைத்துக்கொண்டு போங்கள். காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, கூடிக்கொண்டே போகும் வலி வந்தால் அன்றே திரும்பிப் போங்கள். சாயத்துக்குப் பதிலாக நுரைத் திரவத்தைச் செலுத்தி ஸ்கானிலேயே பார்க்கும் முறையும் இருக்கிறது, அதில் கதிர்வீச்சு இல்லை.

குழாய் அடைப்புக்கும், முட்டையை எடுத்து உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கும் ஐ.வி.எப். முறைக்கும் (இக்சியும் அதில் ஒரு வகை) உள்ள உறவை ஒரு வரலாற்றோடு சொன்னால் மறக்காது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்த, உலகின் முதல் ஐ.வி.எப். குழந்தையான லூயிஸ் பிரவுணின் தாய்க்குக் குழாய்கள் அடைபட்டிருந்தன. பற்றிக் ஸ்டெப்டோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் லப்பரஸ்கோப்பி வழியாகத்தான் அவருடைய முட்டையை எடுத்தார். குழாயைத் தவிர்த்துப் போவதற்காகவே அந்த முறை பிறந்தது. ஏற்கெனவே வேறு காரணத்தால் ஐ.வி.எப். உறுதி என்று தெரிந்தவர், குழாய் திறந்திருக்கிறதா என்று அறிவதற்காக மட்டும் வயிற்றைத் துளைப்பதில் பொருளில்லை. ஒரேயொரு விதிவிலக்கு நீர் தேங்கி வீங்கிய குழாய். அதைப் பற்றிக் கீழே.

கருப்பைக்குள் கமரா

ஹிஸ்டரோஸ்கோப்பி என்பது மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் கனமுள்ள கமராக் குழாயைக் கருப்பை வாய் வழியாக நுழைத்து உள்ளே பார்ப்பது. தையலும் இல்லை, துளையும் இல்லை. உதிரம் நின்ற வாரத்தில் செய்வார்கள், உட்படலம் அப்போது மெல்லியதாக இருக்கும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் சில நிமிடம். சதை வளர்ச்சியை அகற்ற, கருப்பையை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பை வெட்ட, ஒட்டுக்களைப் பிரிக்க என்றால் மயக்க மருந்து தேவைப்படலாம். ஸ்கானில் உட்படலம் சந்தேகமாக இருந்தால் செய்து கொள்ளுங்கள். எல்லாம் சுத்தமாகத் தெரிகிறவர்களுக்கு முதல் ஐ.வி.எப்.புக்கு முன் சடங்குபோலச் செய்யத் தேவையில்லை.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையை ஒதுக்கிவிட வேண்டும். "கர்ப்பப்பையைக் கழுவிவிட்டால் பிள்ளை தங்கும்" என்று ஊரில் சொல்வார்கள். கழுவுதல் என்று அவர்கள் சொல்வது உட்படலத்தைச் சுரண்டி எடுப்பது. அது பிள்ளைக்கான சிகிச்சை இல்லை. திரும்பத் திரும்பச் செய்தால் உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கரு ஒட்டுவதற்காக உட்படலத்தைக் கீறிவிடும் முறையும் கொஞ்சக் காலம் பரவியிருந்தது. 1,300 பெண்களுக்கு மேல் பங்கேற்ற, 2019 இல் வெளியான ஆய்வில் அதனால் பயன் ஏதும் தெரியவில்லை. காசநோய்த் தொற்று, நாட்பட்ட அழற்சி போன்ற சந்தேகத்துக்காக உட்படலத்தில் சிறு துண்டெடுத்துப் பரிசோதிப்பது வேறு விடயம்.

லப்பரஸ்கோப்பி

தொப்புளில் ஒரு சென்ரிமீற்றர் வெட்டு, அடிவயிற்றில் ஒன்றிரண்டு சிறு துளைகள். வயிற்றைக் காபனீரொட்சைட்டு வாயுவால் ஊதி, கமராவால் பார்த்து, கருப்பை வாய் வழியாக நீலச் சாயம் செலுத்திக் குழாய் நுனியில் அது வழிகிறதா என்று பார்ப்பார்கள். எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வது), ஒட்டுக்கள் ஆகியவற்றை அங்கேயே எரித்தோ வெட்டியோ நீக்கலாம். கடும் மாதவிடாய் வலி, ஸ்கானில் தெரிந்த கட்டி, நீர் தேங்கிய குழாய், முன்பு குடல்வால் வெடித்த வரலாறு இவற்றில் ஏதாவது இருந்தால் இது பலன் தரும். "எல்லாருக்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்ற காலம் போய்விட்டது.

எந்தெந்தச் சத்திரசிகிச்சை முன்கூட்டியே தேவைப்படும்? நீர் தேங்கிய குழாய்தான் முதலிடம். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து ஐ.வி.எப்.பின் வெற்றி வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். ஆகவே குழாயை அகற்றுவார்கள் அல்லது கருப்பைப் பக்கத்தில் அடைத்துவிடுவார்கள். பிள்ளைக்காகக் குழாயை வெட்டுவதா என்று மனம் ஒப்பாது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை கையொப்பம் இடுவதற்கு மூன்று வாரம் எடுத்தார். கேட்டுத் தெளியுங்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

நார்க்கட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கருப்பையின் உட்குழிக்குள் துருத்துவதை எடுக்க வேண்டும். வெளிப்புறம் தொங்குவதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். சுவருக்குள் இருப்பது பெரிதா, சிறிதா என்று பார்த்து முடிவெடுப்பார்கள். சுவரை வெட்டித் தைத்தால் ஆறுவதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் விடச் சொல்வார்கள், பிறகு பிரசவம் சிசேரியனாகவும் அமையலாம். அந்த மாதங்களையும் உங்கள் வயதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சூலகக் கட்டியில்தான் நிதானம் மிக வேண்டும். எண்டோமெற்றியோசிஸால் பழைய உதிரம் தேங்கி உருவாகும் சாக்லேட் கட்டியை உரிக்கும்போது நல்ல முட்டைகளும் கூடவே போய்விடும். ஐ.வி.எப்.புக்குப் போகிறவர்களுக்கு அதை வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய வழிகாட்டல். கடும் வலி, புற்றுநோய்ச் சந்தேகம், முட்டை எடுக்க ஊசி எட்டாத இடம் என்றால் வேறு. எடுப்பதென்று முடிவானால் அதற்கு முன் ஏ.எம்.எச். செய்துகொள்ளுங்கள். சிறு முட்டைப்பைகள் நிறைந்த பொலிசிஸ்டிக் சூலகத்தில் நான்கைந்து இடத்தில் சுட்டுத் துளையிடும் முறை, முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரசோல் போன்ற குளிசைகள் பலனளிக்காதவர்களுக்கு உரியது. அதை முதற்படியாகச் சொன்னால் இன்னொரு வைத்தியரிடமும் கேளுங்கள்.

ஆண்களுக்கும் இந்தப் பட்டியலில் இடமுண்டு. விதைப்பையில் புடைத்த நாளங்கள் கையால் தொட்டாலே தெரிந்து, விந்து அறிக்கையும் குறைவாக இருந்தால் சத்திரசிகிச்சை உதவலாம். பலன் தெரிய 3 முதல் 6 மாதம் எடுக்கும். மனைவிக்கு 38 வயது என்றால் அந்த ஆறு மாதத்தின் விலையும் பெரிது. விந்தில் அணுவே இல்லை என்றால் ஹோர்மோன், மரபணுப் பரிசோதனைகள் செய்துவிட்டு விதையிலிருந்தோ அதன் மேலுள்ள குழாயிலிருந்தோ ஊசியால் அல்லது சிறு வெட்டால் அணுவை எடுப்பார்கள். இதை அணுவை உறைய வைக்கும் வசதியுள்ள இடத்திலேயே செய்யுங்கள். வேறிடத்தில் "இருக்கிறதா என்று பார்க்க" மட்டும் வெட்டிவிட்டு, பிறகு எடுப்பதற்கு மறுபடியும் வெட்டுவது வீண் வேதனை.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாளும் அன்றும்

திண்ம உணவை ஆறு மணித்தியாலம் முன்பும், வெறும் தண்ணீரை இரண்டு மணித்தியாலம் முன்பும் நிறுத்துவது பொது விதி. உங்கள் விடுதியில் "நள்ளிரவுக்குப் பின் ஒன்றும் வேண்டாம்" என்றால் அதையே கடைப்பிடியுங்கள். பால்தேநீர் உணவுக் கணக்கில் சேரும். "ஒரு வாய் தேத்தண்ணிதானே" என்று மாமியார் அன்பாகக் கொடுத்ததைக் குடித்துவிட்டு அன்று வீடு திரும்பிய ஒருவர் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தார். கந்தசஷ்டி விரதம் இருக்கிறவர்கள் அந்த ஆறு நாளையொட்டித் திகதி எடுக்காதீர்கள். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது சரிதான், ஆனால் நாட்கணக்காகச் சாப்பிடாத உடம்பை மயக்க மருந்து நிபுணர் விரும்ப மாட்டார்.

குருதியை இளக்கும் மருந்து, நீரிழிவுக் குளிசை, சித்த வைத்தியரின் சூரணம், கடைசியாக வந்த மாதவிடாய்த் திகதி எல்லாவற்றையும் சொல்லுங்கள். நகப்பூச்சை அழியுங்கள், விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை அது ஏமாற்றும்.

தாலிக்கொடி. நம் பெண்களுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. மின்சாரத்தால் இழையத்தைச் சுடும் கருவி பயன்படுவதால் உடலில் உலோகம் இருந்தால் தோல் கருகலாம், அதனால் கழற்றச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து பவுண் கொடியைக் கழற்றிக் கணவரின் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் மருந்தகம், கன்டீன் என்று அலைவதை நினைத்துக்கொண்டே மயக்கத்துக்குப் போகாதீர்கள். முதல் நாளே வீட்டில் பூட்டிவையுங்கள். மனம் கேளாவிட்டால் மஞ்சள் பூசிய நூலைக் கட்டிக்கொள்ளலாம். எனக்கு மாமி தன் கையாலேயே கட்டிவிட்டார்.

சம்மதப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். தமிழில் விளக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி வைத்தியரான சாமுவேல் கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த ஊர் இது, ஆங்கிலச் சொல்லுக்குப் பயந்து தலையாட்டத் தேவையில்லை. "உள்ளே எதிர்பாராததைக் கண்டால் குழாயையோ சூலகத்தையோ எடுப்பீர்களா, என்னிடம் கேட்டுவிட்டுத்தானா?" என்று முன்கூட்டியே பேசி, உங்கள் விருப்பத்தை எழுத்தில் பதியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவு எனக்கு வயிறு வலிக்கவில்லை, வலத்தோள் பிளந்தது. மாரடைப்போ என்று கணவர் வெளிறிப்போனார். மாமி மட்டும் அசையாமல், "அது வாய்வு பிள்ளை, எழும்பி நட" என்றார். எந்த வலிக்கும் வாய்வு என்பவர்தான் அவர், ஆனால் வாழ்நாளில் ஒருமுறை அது முற்றிலும் சரியாகப் பொருந்தியது. வயிற்றில் மீந்த வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது, அதன் நரம்பு தோளுக்கும் போகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். மெல்ல நடப்பதும், சொன்ன அளவில் பனடோலும் போதும். சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் பயப்படாதீர்கள், அது சாயம். ஓரிரு வாரம் கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம்.

குறைந்துகொண்டு வந்த வயிற்றுவலி மறுபடி கூடுதல், 38 பாகைக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, வயிறு உப்பி இறுகுதல், சிறுநீர் போகாமை, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அதிக உதிரப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திராதீர்கள். இரவானாலும் போய்விடுங்கள்.

விடுதியை விட்டு வரும்போது நோய் நிர்ணய அட்டையைக் கையில் வாங்கி அங்கேயே வாசியுங்கள். என்ன கண்டார்கள், என்ன செய்தார்கள், எதை எடுத்தார்கள், இழையப் பரிசோதனைக்கு எதை அனுப்பினார்கள், அதன் முடிவு எப்போது வரும், இனி எத்தனை மாதம் கழித்து முயலலாம் என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். கமராப் படங்களோ காணொளியோ இருந்தால் பிரதி கேளுங்கள். என்னுடைய அட்டையில் "இரு குழாய்களும் திறந்துள்ளன, சிறிய எண்டோமெற்றியோசிஸ் சுடப்பட்டது" என்ற ஒரே வரி. அந்த ஒரு வரி இருந்ததால்தான் அடுத்த இடத்தில் மறுபடி லப்பரஸ்கோப்பி கேட்கவில்லை.

ஐ.வி.எப். நிலையத்துக்குப் போகுமுன் இருவருக்கும் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் இரத்தப் பரிசோதனைகள் கேட்பார்கள். அவை குறிப்பிட்ட மாதங்களுக்குத்தான் செல்லுபடியாகும், அதனால் திகதி கிடைத்த பிறகு செய்யுங்கள். அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ்ப் பிரதிகளையும் கோப்பில் வையுங்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர்கள் அனுப்பும் மாத்திரைப் பொதிகளை வைத்தியரிடம் காட்டாமல் விழுங்காதீர்கள்.

சிகிச்சைக்காகக் கொழும்புக்கு நாங்கள் யாழ்தேவி ரயிலில் போய்வந்தோம். முட்டை எடுத்த அன்றோ கரு வைத்த அன்றோ இரவு பஸ்ஸில் திரும்பாதீர்கள், ஒரு நாள் தங்கிவிட்டு வாருங்கள். அதற்குக் கொழும்பில் உறவினர் வீடு வேண்டுமா, வாடகை அறை வேண்டுமா என்பது அந்த உறவினர் எத்தனை கேள்வி கேட்பார் என்பதைப் பொறுத்தது. ஊரில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, கொழும்பில் ஒரு கலியாண வீடு என்று சொன்னோம். அந்த வருடம் எங்களுக்குக் கொழும்பில் ஏழு கலியாண வீடுகள்.